அருவ ஓவியமும் அடையாறும்

மார்கழித் திங்களின் வைகறையில் சூளூர்பேட்டைத் தெருவொன்றில் நடந்து செல்வோர் இருவகைக் கோலங்களைக் காணலாம். ஒரு வாசலில் புள்ளிகளைச் சுற்றி வளைந்தோடித் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும் சிக்குக் கோலம். அடுத்த வாசலில் நிறப்பொடி தூவி, நடுவே சாண உருண்டைகளில் பூச்செருகி வைத்த ஆந்திர நாட்டு முக்கு. முதல் வாசல் தமிழ்க் குடும்பத்தினுடையது என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூருக்கு ரயில் பாதையும், பக்கத்திலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவும் கொண்டுவந்து சேர்த்த தமிழர் பலர். அவர்கள் வாசலில் இடும் சிக்குக் கோலம் எதனுடைய படம் என்று அண்டை வீட்டார் கேட்பதில்லை. அது இலையன்று, பறவையன்று, தேருமன்று. ஆயினும் அது பொருளற்ற கிறுக்கல் என்று சொல்ல எவரும் துணிவதில்லை.

அதே மனிதரைச் சென்னையில் ஓர் ஓவியக் காட்சிசாலைக்கு அழைத்துச் சென்று, வட்டமும் கோடும் நிறத்திட்டுமாக உள்ள ஓர் ஓவியத்தின் முன் நிறுத்துங்கள். "இது என்ன படம்?" என்பதே முதற் கேள்வியாக எழும். வாசலில் கேட்காத கேள்வியைச் சுவரின் முன்னே நாம் ஏன் கேட்கிறோம்? இதற்கு விடை தேடப் புகுந்தால், பாதை மியூனிக், ஆம்ஸ்டர்டாம், ஸ்டாக்ஹோம் என்று ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிவிட்டு, எதிர்பாராத வகையில் சென்னை அடையாற்றின் கரைக்கு வந்து சேர்கிறது.

கண்ணாற் காணும் பொருள் எதனையும் உருவமாகக் காட்டாது, நிறத்தையும் கோட்டையும் வடிவத்தையும் கொண்டே இயலும் ஓவியத்தை நாம் அருவ ஓவியம் என்கிறோம். ஐரோப்பாவில் இது 20-ஆம் நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளுக்குள் தோன்றியது. புகைப்படக் கருவி வந்துவிட்டமையால் உருவம் தீட்டும் வேலை ஓவியருக்கு இல்லாமற் போயிற்று என்பது அடிக்கடி கூறப்படும் காரணம். அது முழு உண்மையன்று. 1895-இல் ரான்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார்; மறு ஆண்டு பெக்கரெல் கதிரியக்கத்தைக் கண்டார். திண்ணிய பொருள் என்று நாம் நம்பியிருந்தது திண்ணியதன்று என்று விஞ்ஞானமே சொல்லத் தொடங்கிற்று. அணு பிளவுபடும் என்ற செய்தி தமக்கு உலகமே இடிந்து விழுந்ததுபோல் இருந்தது என்று காண்டின்ஸ்கி பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். காணும் பொருளே மெய்யன்று எனில், மெய்ப்பொருளை எப்படித் தீட்டுவது? இவ்வினாவை எழுப்பிக்கொண்ட ஓவியர் பலர் கையில் அப்போது கிடைத்தவை பிரம்மஞான சபையின் நூல்கள்.

அச்சபையை 1875-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் பிளாவட்ஸ்கி அம்மையார், கர்னல் ஆல்காட் முதலியோர் நிறுவினர். 1882-இன் இறுதியில் அதன் தலைமையகம் அடையாற்று முகத்துவாரத்தின் அருகே அமைந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. பெரிய ஆலமரத்தைக் காணச் செல்வோர் பலருக்கு அதுவே சபையைப் பற்றி அறிந்த ஒரே செய்தி. 1893-இல் இந்தியா வந்த அன்னி பெசன்ட் அம்மையார் 1907 முதல் 1933-இல் மறையும் வரை சபையின் தலைவராக விளங்கினார். 1916-இல் சுயாட்சி இயக்கம் கண்டவர், 1917-இல் காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கியவர் என்ற முறையில் அவரைத் தமிழர் நன்கறிவர். அருவ ஓவியத்தின் வரலாற்றிலும் அவர் பெயர் இடம்பெறும் என்பது நம்மில் மிகச் சிலருக்கே தெரியும்.

அம்மையாரும் லெட்பீட்டரும் இணைந்து எழுதிய 'எண்ண உருவங்கள்' என்ற ஆங்கில நூல் 1905-இல் வெளிவந்தது. அதன் முதல் வடிவம் 1896-லேயே ஒரு கட்டுரையாக வந்திருந்தது. மனிதன் எண்ணும் ஒவ்வோர் எண்ணமும் நுண்ணிய ஒரு பொருளில் அதிர்வை எழுப்பி, நிறமும் வடிவமும் கொள்கிறது. அகக்கண் திறந்தோர் அதைக் காணலாம் என்பது நூலின் அடிப்படை. எண்ணத்தின் தன்மை நிறத்தை முடிவு செய்யும். எண்ணத்தின் இயல்பு வடிவத்தை முடிவு செய்யும். எண்ணம் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு தெளிவாக அவ்வடிவத்தின் ஓரம் அமையும். நூலின் முகப்பிலேயே நிறங்களின் பட்டியல் ஒன்று கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டுள்ளது. அன்புக்கு ரோஜா நிறம், அறிவுக்கு மஞ்சள், பக்திக்கு நீலம், சினத்துக்குச் சிவப்பு, அச்சத்துக்குச் சாம்பல், வன்மத்துக்குக் கறுப்பு என்று அது விரிகிறது.

படங்களைப் பார்த்தால் இன்றும் வியப்பு எழுகிறது. மேல்நோக்கி எழும் பக்தி, கோபுரம்போல் உயர்ந்த நீலக் கூம்பு. கொலைவெறி, ஈட்டி முனைபோற் பாயும் சிவப்பு. பேராசை, எதையோ பற்றி இழுக்க நீளும் பழுப்பு நிறக் கொக்கிகள். கப்பல் உடையும் வேளையில் மூவர் உள்ளத்தில் எழுந்தவை ஒரே படத்தில் உள்ளன: நடுங்கியவனது எண்ணம் ஒன்று, வேண்டுதல் செய்தவனது ஒன்று, செய்ய வேண்டியதைச் செய்யத் துணிந்தவனது ஒன்று. இறுதியில் மூன்று படங்கள் இசைக்கு உரியவை. மெண்டல்சன், கூனோ, வாக்னர் ஆகியோரின் இசையைத் தேவாலயத்தின் ஆர்கன் கருவியில் வாசித்தபோது கட்டடத்தின் மேலே எழுந்த உருவங்களாம் அவை. சிறிய தேவாலயம் கீழே கிடக்க, வாக்னரின் இசை வண்ண மலைத்தொடர்போல் அதன்மேல் நிற்கிறது. எண்ண உருவங்களைத் தீட்டியபொழுது அப்படத்தில் ஆளில்லை, மரமில்லை, வானமில்லை. அருவ ஓவியம் என்ற பெயர் வழங்குவதற்கு முன்னரே அப்படியொரு ஓவியம் புத்தகத்தில் அச்சாகிவிட்டது எனலாம்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அடையாற்றின் பெயர் வந்தவுடன், "எல்லாம் நம்மிடமிருந்து சென்றவையே" என்று மார்தட்டும் பழக்கம் நம்மிடையே உண்டு. அப்படங்கள் அடையாற்றில் வரையப்பட்டவையல்ல. நூலாசிரியர் இருவரும் இங்கிலாந்தில் கண்டதாகக் கூறியவற்றைக் கேட்டு, வார்லி, பிரின்ஸ், மாக்ஃபார்லேன் அம்மையார் ஆகிய ஆங்கில நண்பர்கள் தீட்டியவை. அவர்கள் அவற்றைக் கலைப்படைப்பாகவும் கருதவில்லை. தாவர நூலார் இலையை வரைந்து வைப்பதுபோல், உள்ளதை உள்ளவாறு பதிவு செய்வதாகவே எண்ணினர். அகக்கண்ணாற் கண்டதைப் பிறர் சோதித்தறிய வழியில்லையாதலால், விஞ்ஞானம் என்ற அளவில் அந்நூலை ஏற்பதற்கில்லை.

நிறப்பட்டியலும் நம் நாட்டு மரபன்று. பரதரின் நாட்டிய சாஸ்திரம் சுவைகளுக்கு நிறம் வகுத்துள்ளது. அங்கே காதற்சுவைக்குச் சியாம நிறம், நகைக்கு வெண்மை, அவலத்துக்குப் புறாச் சாம்பல், அச்சத்துக்குக் கறுப்பு. வெகுளிக்குச் சிவப்பு என்ற ஒன்றே இரு பட்டியல்களுக்கும் தெளிவாகப் பொது. பெசன்ட் அம்மையாரின் நூலிற் பக்திக்குரிய நீலம், பரதர் நூலில் அருவருப்பின் நிறம்! ஆகவே இந்தியாவிலிருந்து சென்றது ஒரு நிற அகராதியன்று. உருவமற்றதை வணங்கலாம், எண்ணலாம், அதற்கு வடிவும் கொடுக்கலாம் என்ற துணிவே இங்கிருந்து சென்றது. அதுவும் கடல் கடந்து, பல மொழிபெயர்ப்புகளின் வழியே, வேறு பல கருத்துகளோடு கலந்தே சென்றது. திருக்காளத்தியில் வாயு லிங்கத்தின் முன் அசையும் தீபச்சுடரைக் காட்டிக் காற்று என்கின்றனர்; தில்லையில் திரையை விலக்கி வெளியைக் காட்டுகின்றனர். இத்தகைய வழிபாட்டில் வளர்ந்தோர்க்கு எளிதாகத் தோன்றும் அத்துணிவு, பாரிஸ் நகரத்துக் கலைப்பள்ளியிற் பயின்றவர்க்கு எளிதாக இருந்திராது.

அந்நூல் 1908-இல் ஜெர்மன் மொழியில் வந்தது. அதன் படி ஒன்று மியூனிக் நகரில் வாழ்ந்த ரஷ்ய ஓவியர் வசீலி காண்டின்ஸ்கியிடம் இருந்தது. 1866-இல் மாஸ்கோவிற் பிறந்த இவர் சட்டம் பயின்றவர். முப்பது வயதில் அதைத் துறந்து தூரிகையை எடுத்தார். மாஸ்கோவில் வாக்னரின் இசைநாடகம் ஒன்றைக் கேட்டபோது நிறங்கள் கண்முன் எழக் கண்டதாகக் கூறியவர், இசைக்கு வண்ண மலை வரைந்த நூலைப் புறக்கணித்திருக்க முடியுமா? 1911-இன் இறுதியில் அவர் வெளியிட்ட, கலையில் ஆன்மிகத் தன்மை பற்றிய நூலில் பிளாவட்ஸ்கி அம்மையாரையும் அவர்தம் சபையையும் மதிப்போடு குறிப்பிடுகிறார். ஆயினும் அதே இடத்தில் ஒரு தயக்கத்தையும் தெரிவிக்கிறார். முடிவற்ற கேள்விக்குறி நிற்க வேண்டிய இடத்தில் விரைந்து விடையை வைத்துவிடும் சபையாரின் மகிழ்ச்சி, ஐயத்துக்கு இடம் தருகிறது என்பது அதன் கருத்து. நன்றியும் ஐயமும் ஒரே பக்கத்தில் நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

காண்டின்ஸ்கியும் நிறங்களுக்குப் பொருள் கூறாமல் இல்லை. நீலம் நம்மை விட்டு விலகி விண்ணை நோக்கிச் செல்லும். மஞ்சள் நம்மை நோக்கிப் பாயும், எக்காளம்போல் ஒலிக்கும், அது மண்ணின் நிறம், மிகுந்தால் பித்தின் நிறம். பச்சையோ, கொழுத்த பசு அசையாது படுத்திருப்பதுபோன்ற மனநிறைவின் நிறம். இதையும் அடையாற்று நூலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே அறிவொளியாக நின்ற மஞ்சள், இங்கே பித்தின் எல்லைக்கு வந்துவிட்டது. சிறிது நேரத்தில் ஸ்வீடன் தேசத்துக்குச் செல்வோம். அங்கே ஓர் அம்மையாருக்கு மஞ்சள் ஆண்மையின் நிறம், நீலம் பெண்மையின் நிறம். நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டாலோ, மஞ்சள் என்றால் மங்கலம் என்பதற்கு மேல் ஆராய்ச்சி எதுவும் இல்லை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இது பழகிய நிலைமை. அரசாங்க அலுவலகத்தில் எங்கள் மேசைமீது கலைச்சொற் பட்டியல் எப்போதும் திறந்தே இருக்கும். அது இன்றி வேலை தொடங்காது. அதைக் கொண்டே வேலை முடிவதும் இல்லை. பட்டியலிலுள்ள சொற்களை வரிசையாக அடுக்கினால் எழுவது வாக்கியம் அன்று. அவ்வாறே, நீலம் என்றால் பக்தி என்ற பட்டியலை வைத்துக்கொண்டு தீட்டினால் எழுவது விளக்கப்படமே. காண்டின்ஸ்கியின் கைத்திறன் அவருடைய பட்டியலைக் கடந்து சென்றது. 1913-இல் அவர் தீட்டிய பெரிய ஓவியங்களை உற்று நோக்கினால், குதிரை வீரன், படகு, மலைமேற் கோட்டை ஆகியவை பாதி கரைந்த நிலையில் தென்படும், மறுகணம் மறையும். அவற்றில் ஒன்று ஊழி வெள்ளத்தைப் பொருளாகக் கொண்டு தொடங்கியது. முடிந்தபோது வெள்ளமும் இல்லை, பேழையும் இல்லை. சைவ நூல்கள் இறைவன் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என மூன்றாகப் பகுக்கும். லிங்கத் திருமேனி மூன்றாவது வகை. காண்டின்ஸ்கியின் அந்த ஓவியங்களுக்கு அருவுருவம் என்ற சொல்லைக் காட்டிலும் பொருத்தமான பெயரை எந்த மொழியிலும் நான் கண்டதில்லை.

ஹாலந்து நாட்டு மாண்ட்ரியானின் கதை வேறு விதமானது. 1872-இற் பிறந்த இவர் 1909-இல் பிரம்மஞான சபையில் உறுப்பினராகச் சேர்ந்தார். ஈராண்டுகளுக்குள் 'பரிணாமம்' என்ற மூன்று பகுதி ஓவியத்தைத் தீட்டினார். மூன்று பெண்ணுருவங்கள் நிமிர்ந்து நிற்கின்றன. ஓரங்களிலுள்ள இரண்டும் கண்மூடியிருக்க, நடுவிலுள்ளது அகலக் கண் திறந்து நம்மை நோக்குகிறது. முக்கோணங்களும் அறுகோண விண்மீன்களும் தோளருகே பூத்துள்ளன. அறுகோணம் சபையின் முத்திரையில் உள்ளது. முருகன் திருச்சக்கரத்தில் அதை நாமும் அறிவோம். பொருள் தெளிவு, பாடநூற் படம்போல அத்தனையும் தெளிவு. என் எண்ணத்தில் இது அவருடைய ஓவியங்களுள் மிகவும் வலுவற்றது. அவரும் அவ்வாறு உணர்ந்தாரோ என்னவோ, இம்முறையை அத்துடன் கைவிட்டார்.

அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் குறைத்துக்கொண்டே சென்றார். மரங்களைத் தீட்டினார், மரம் போயிற்று, கிளைகளின் வளைவு நின்றது, வளைவும் போயிற்று. இறுதியில் நிமிர்ந்த கோடு, கிடந்த கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை, சாம்பல் ஆகியவையே எஞ்சின. நிமிர்ந்தது ஆண், கிடந்தது பெண். ஒன்று ஆவி, மற்றது பருப்பொருள் என்று தொடக்கத்தில் அவர் குறிப்பேடுகளில் எழுதியதுண்டு. ஆனால் ஓவியத்தின் முன் நிற்கையில் அவ்விளக்கம் நினைவுக்கு வருவதில்லை. இரண்டு கோடுகள் வெட்டும் இடம் ஓர் அங்குலம் தள்ளியிருந்தால் முழுப்படமும் சாய்ந்துவிடும் என்ற உணர்வே நெஞ்சில் நிற்கிறது. அவருடைய நம்பிக்கை மட்டும் மாறவில்லை. கடைசிவரை சபையின் உறுப்பினராகவே இருந்தார். சபையார்தாம் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. பிரம்மஞானப் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய கட்டுரை ஏற்கப்படவில்லை. 1921-இல் ருடால்ஃப் ஸ்டைனருக்குத் தம் கொள்கையை விளக்கி எழுதிய கடிதத்துக்கு மறுமொழியும் வரவில்லை.

இங்கே ஸ்டைனரைப் பற்றி ஒரு சொல் கூறியாக வேண்டும். ஏனெனில் அவர் கதை சித்தூர்ச் சீமையோடு தொடர்புடையது. ஸ்டைனர் சபையின் ஜெர்மன் கிளைக்குச் செயலாளராக இருந்தவர். அவருடைய சொற்பொழிவுகளைக் காண்டின்ஸ்கியும் கேட்டதுண்டு. மதனப்பள்ளியில் 1895-இற் பிறந்த கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனை 1909-இல் அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டர் கண்டு, வரப்போகும் உலகாசிரியனுக்கு உரிய கலம் இவனே என்றார். பெசன்ட் அம்மையாரும் அதை உலகறியச் செய்தார். ஸ்டைனர் இதை ஏற்கவில்லை. 1912, 1913-ஆம் ஆண்டுகளில் ஜெர்மன் உறுப்பினருட் பெரும்பாலோரோடு பிரிந்து சென்று தனிச்சபை கண்டார். கிருஷ்ணமூர்த்தியோ 1929-இல் ஹாலந்து நாட்டு ஒம்மன் என்னுமிடத்தில், தமக்கென அமைத்த சங்கத்தைத் தாமே கலைத்துவிட்டார். மதனப்பள்ளிச் சிறுவன் ஒருவனை முன்னிட்டு ஐரோப்பிய ஓவியர்களின் குருபீடம் இரண்டாகப் பிளந்தது என்றால், நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கத்தான் செய்கிறது.

ஸ்டைனரைப் பின்பற்றியவர்களுள் ஒருவரே நான் முன்பு குறிப்பிட்ட ஸ்வீடன் தேசத்து அம்மையார். ஹில்மா அஃப் கிளிண்ட் என்பது பெயர். 1862-இற் பிறந்து ஸ்டாக்ஹோம் அரசுக் கலைக்கழகத்திற் பயின்றவர். இயற்கைக் காட்சிகளும் உருவப்படங்களும் தீட்டி வாழ்க்கை நடத்தினார். கால்நடை மருத்துவக் கழகமொன்றில் படம் வரைபவராகவும் வேலை பார்த்தார். இது உலகம் அறிந்த ஹில்மா. 1896 முதல் நான்கு தோழியரோடு கூடி, ஆவியுலகச் செய்திகளைக் கேட்டெழுதும் வழக்கத்தை மேற்கொண்டிருந்தது அறியாத ஹில்மா. ஒரு கோயிலுக்காக ஓவியங்கள் தீட்டுமாறு தமக்குக் கட்டளை வந்ததாக அவர் நம்பினார். 1906-இல் தொடங்கி 1915-இல் முடித்த அவ்வரிசையில் 193 ஓவியங்கள் உள்ளன. இடையே, பார்வை இழந்த அன்னையைப் பேணும் பொருட்டு நான்கு ஆண்டுகள் பணி நின்றது.

அவற்றுள் 1907-இல் தீட்டிய பத்துப் பேரோவியங்கள் புகழ்பெற்றவை. ஒவ்வொன்றும் மூன்று மீட்டருக்கு மேல் உயரம், தாளிற் தீட்டியவை. குழந்தைமை, இளமை, நடுவயது, முதுமை என வாழ்வின் பருவங்களே பொருள். சுருள்களும் பூவிதழ்களும் முட்டை வடிவங்களும் ஒன்றையொன்று சுற்றி வளர்கின்றன; இடையிடையே எம்மொழியையும் சேராத எழுத்துக்கூட்டங்கள் வருகின்றன. காண்டின்ஸ்கி தாமே முதல் அருவ ஓவியத்தைத் தீட்டியதாகக் கொண்டாடிய காலத்துக்குச் சில ஆண்டுகள் முந்தியவை இவை. தம் குறியீடுகளுக்கும் எழுத்துகளுக்கும் பொருள் கூறும் ஓர் அகராதியையும் அம்மையார் தொகுத்து வைத்தார். அதைப் புரட்டிப் பார்ப்போர் காண்பது, ஒரே குறிக்குப் பொருள் மாறிக்கொண்டே செல்வதை. தமக்கு வந்த செய்தி என்னவென்று அவரும் வாழ்நாள் முழுதும் தேடிக்கொண்டிருந்தார் என்பது அதிலிருந்து புலனாகிறது.

தாம் இறந்து இருபது ஆண்டுகள் கழியும்வரை இவ்வோவியங்களைப் பிறருக்குக் காட்டலாகாது என்று தம் உடன்பிறந்தார் மகனிடம் விதித்துவிட்டு 1944-இல் அவர் மறைந்தார். மாண்ட்ரியானும் காண்டின்ஸ்கியும் மறைந்ததும் அதே 1944-ஆம் ஆண்டிலேயே. முன்னவர் இருவரும் உலகப்புகழோடு சென்றனர்; இவருடைய ஓவியங்கள் சுருட்டிய நிலையிற் பெட்டிகளிற் கிடந்தன. 1986-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அருவ ஓவியத்தின் ஆன்மிக வேர்களை ஆராய்ந்த பெரிய கண்காட்சியிலேதான் உலகம் அவற்றைக் கவனிக்கலாயிற்று. அக்கோயிலைச் சுருள் வடிவில் அவர் கற்பனை செய்திருந்தார். 2018-இல் நியூயார்க்கில் சுருள் வடிவமாகவே கட்டிய குகன்ஹைம் காட்சிசாலையில் அவை இடம்பெற்றபோது ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்து கண்டனர்.

இத்தனை காலம் இச்செய்திகள் மறைந்திருந்தமைக்கு ஹில்மாவின் விதி மட்டும் காரணமன்று. 1936-இல் நியூயார்க்கில் ஆல்பிரட் பார் என்ற அறிஞர் அருவக் கலையின் தோற்றத்தை வம்சாவளிபோல் வரைபடமாக்கினார். ஒரு கலைப்பாணி மற்றொன்றைப் பெற்றதாக அதில் அம்புக்குறிகள் உள்ளன. அடையாற்றுக்கோ பிளாவட்ஸ்கிக்கோ அதில் இடமில்லை. ஆவியுலகப் பேச்சு கற்றோருக்கு வெட்கம் தந்தது. வெட்கப்படத்தக்க பகுதிகள் அதில் இருந்ததும் உண்மையே. ஆயினும் தாய்வீட்டின் பெயரை மறைத்து எழுதிய வம்சாவளி எங்ஙனம் முழுமையாகும்?

மாற்றுக் கருத்து ஒன்றும் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, மரபுவழிக் குறியீடுகளை ஊரே அறியும், நவீன ஓவியனின் குறியீடோ அவன் ஒருவனுக்கே உரியது. ஆகவே இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மயக்கம் என்று வாதிட்டார். சிக்குக் கோலத்துக்கும் ஹில்மாவின் சுருளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் சரியாகவே சுட்டினார். கோலத்தைத் தாயிடமிருந்து மகள் கற்கிறாள்; அதற்குப் பொருளுரை வேண்டாமல், கை பழகுவதே போதுமானதாக இருக்கிறது. ஹில்மாவிடமிருந்து யாரும் கற்கவில்லை. தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடையும் ஏறக்குறைய இதுவே என்று கருதுகிறேன். வாசலில் கை பழகிய ஒன்றைக் காண்கிறோம். காட்சிசாலையில் ஒரு தனிமனிதர் தமக்கெனப் படைத்த மொழியைக் கேட்கிறோம். ஆயினும் ஆறு லட்சம் பேர் அகராதியின்றி அவ்வோவியங்கள் முன் நின்றனர் என்பதைக் குமாரசுவாமி அறிந்திருந்தால் சற்றுத் தயங்கியிருப்பார் என்றே தோன்றுகிறது.

இவ்வலை இந்தியாவுக்குத் திரும்பி வந்ததா? 1922 டிசம்பரில் கல்கத்தாவில் கீழைநாட்டுக் கலைச்சங்கத்தின் கண்காட்சியில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைக்கூடத்திலிருந்து காண்டின்ஸ்கி, கிளே முதலியோரின் ஓவியங்கள் வந்தன. ஸ்டெல்லா கிராம்ரிஷ் அம்மையாரின் முயற்சி அதற்குத் துணை நின்றது. அடையாறோ வேறு திசையில் நோக்கியிருந்தது. பெசன்ட் அம்மையாரின் அழைப்பை ஏற்று 1915-இல் வந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் மதனப்பள்ளிக் கல்லூரியில் ஆசிரியராகத் திகழ்ந்தார். 1919-இல் தாகூர் அங்கே தங்கி, இன்று நம் நாட்டுப்பண்ணாக விளங்கும் பாடலை ஆங்கிலத்தில் ஆக்கியதும் அப்போதுதான். கலைத் திறனாய்வில் வல்லவரான கசின்ஸ் போற்றிப் பரப்பியது வங்காள ஓவியர்களின் புராணக் காட்சிகளையே. 'எண்ண உருவங்கள்' வெளியிட்ட சபை, அந்நூல் திறந்துவிட்ட வழியில் தான் நடக்கவில்லை.

சென்னையில் அவ்வழியைக் கண்டவர்கள் சபையினர் அல்லர். எழும்பூரை அடுத்த அரசு கலைப்பள்ளியினர். கோயம்புத்தூரில் 1911-இற் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் 1957 முதல் பத்தாண்டுகள் அப்பள்ளியின் முதல்வராக விளங்கினார். 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற ஓவிய வரிசையைத் தொடங்கினார். பழைய ஓலைச்சுவடியும் பஞ்சாங்கமும் கணக்குப் புத்தகமும் ஒன்றாகச் சேர்ந்தாற்போன்ற பரப்பு. ஜாதகக் கட்டங்கள், எண்கள், சிறு பறவையும் மீனும் போன்ற உருவங்கள், நெருக்கமாக எழுதிய மலையாள எழுத்தை ஒத்த வரிகள். 1966-இல் அவரும் மாணவர்களும் அடையாற்றுக்குத் தெற்கே கடலோரமாகச் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை நிறுவினர். அங்கிருந்த கே. வி. ஹரிதாசன் முதலியோர் யந்திர வடிவங்களை நேராகவே எடுத்துத் தீட்டினர். பணிக்கர் அவ்வாறு செய்யவில்லை. ஜாதகக் கட்டத்தை எடுத்துக்கொண்டார், பலன் சொல்லவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறை நாளொன்றில், மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அலுவலக நண்பர் ஒருவரோடு சூளூர்பேட்டையிலிருந்து காலை ரயிலில் சென்று, சோழமண்டலத்தைக் கண்டுவந்தேன். பணிக்கரின் ஓவியம் ஒன்றின் முன் நண்பர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுத்துக்கூட்டிப் படிக்கலானார். "இது 'க' மாதிரி இருக்கிறது, இது 'ன' இல்லை" என்று இரண்டு வரிகள் முயன்றார். பிறகு படிப்பதை விட்டுவிட்டார். கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு பேசாமல் நின்றார். மாலை ரயிலுக்கு நேரமாகிறது என்று நான் இருமுறை நினைவூட்ட வேண்டியதாயிற்று.